செந்தமிழும் நாப்பழக்கம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து தந்த நூலகர் அம்மா அவர்களே, எனக்கு முன் பேசி அவையைக் களைகட்ட வைத்த பேராசிரியர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் ஐயா முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லாமல் நான் தொடங்க முடியாது.

கவிதையை ரசிக்கக் கற்றுக்கொள்வது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். வாய்விட்டு வாசிப்பது, புரியாத இடத்தில் பொறுமையாக நிற்பது, நமக்கென்று ஒரு கவிஞரைத் தேடிக்கொள்வது.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ‘சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று ஔவையார் பெயரில் ஒரு தனிப்பாடல் உண்டு. நாப்பழக்கம் என்கிறது பாட்டு, கண்பழக்கம் என்று சொல்லவில்லை. நாமோ செய்தித்தாளைப் போலக் கவிதையையும் கண்ணால் மேய்ந்துவிட்டு, ‘ஒன்றும் புரியலை’ என்று மூடி வைத்துவிடுகிறோம்.

எனக்குப் பதினான்கு வயது. தேர்வில் குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டுக்குப் பொருள் எழுதச் சொன்னார்கள். எனக்குத் தோன்றியதை எழுதினேன். உரைநூலில் உள்ளபடி இல்லை என்று சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் பூஜ்யம். வீட்டுக்கு வந்து அழுதேன். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி, ‘அது என்ன பாட்டு, எனக்குச் சொல்லு’ என்றாள். ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று தொடங்கி ஒப்பித்தேன். ‘மெதுவா சொல்லுய்யா’ என்றாள். மறுபடி சொன்னேன். ‘இன்னொரு தடவை’ என்றாள். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய், செம்புலம் என்றால் செம்மண் நிலம், பெயல்நீர் மழைத்தண்ணீர், செம்மண்ணில் விழுந்த மழைபோல நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று காதலன் காதலியிடம் சொல்கிறான் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு மூன்றாம் முறையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கேட்டாள்: ‘அந்தப் பொண்ணு ஏன் பயப்படுறா?’

பாட்டில் பயம் என்ற சொல்லே இல்லை. ‘எங்க பயப்படுறா?’ என்றேன். ‘பயப்படாதவகிட்ட எவன் இவ்வளவு சொல்லுவான்? விட்டுட்டுப் போயிடுவானோன்னு நினைக்கிறா’ என்றாள்.

பல ஆண்டுகள் கழித்து, அந்தப் பாட்டின் கீழே, யார் யாரிடம் எப்போது சொன்னது என்று கூறும் பழைய கூற்றுக் குறிப்பைப் படித்தேன். தலைவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியிடம் அவன் சொன்னது என்று இருக்கிறது. புத்தகத்தைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாட்டி அப்போது இல்லை.

மூன்று முறை காதால் கேட்டதில் அவளுக்கு அது கிடைத்தது. நாவும் காதும் செய்யும் வேலை அது. நீங்களே சொல்லிப் பாருங்கள். முதல் மூன்று அடிகளிலும் நான்கு நான்கு சீர். நான்காம் அடிக்கு வரும்போது ‘செம்புலப் பெயல்நீர் போல’, மூன்றே சீர். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தைய அடி, இப்படிக் குறைந்து வருவது இலக்கணம். இலக்கணம் தெரியாதவருக்கும் அந்த இடத்தில் மூச்சு ஒரு கணம் நிற்கும். அந்த இடைவெளி முடிந்துதான் ‘அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே’ வருகிறது. கண்ணால் ஓடினால் இது கிடைக்காது. அந்த உவமைத் தொடரே பாட்டை எழுதிய புலவருக்குப் பெயராகி, செம்புலப்பெயனீரார் என்று நிலைத்துவிட்டார். சொந்தப் பெயர் நமக்குத் தெரியாது.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். ஆனால் நாப்பழக்கத்துக்குப் பள்ளியில் நேரம் எங்கே இருக்கிறது? மனப்பாடப் பகுதி இருக்கிறது, அதற்கு மதிப்பெண் இருக்கிறது, அந்த மதிப்பெண்ணுக்குப் பயம் இருக்கிறது. அதனால்தான் நான் போகிற மேடையிலெல்லாம் ஒன்றைக் கேட்டு வருகிறேன். வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை. ஆசிரியர் ஒரு கவிதையை வாய்விட்டு வாசிக்கட்டும், பிறகு பிள்ளைகள் வாசிக்கட்டும். கேள்வி வேண்டாம், பொருள் எழுத வேண்டாம், தேர்வு வேண்டவே வேண்டாம். குறுந்தொகையில் 401 பாடல்கள், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிதான். வாரம் ஒன்று என்றாலும் ஏழெட்டு ஆண்டுக்குக் காணும். புதுக்கவிதையையும் வாசிக்கலாம், எனக்கு அதில் தகராறு இல்லை.

பொறுமையைப் பற்றியும் கவிஞரைத் தேடிக்கொள்வதைப் பற்றியும் இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன். நேரம் ஆகிவிட்டதென்று தலைவர் ஐயா அன்போடு பார்க்கிறார்கள். வாசலருகே மேசையில் ஒரு விண்ணப்பம் வைத்திருக்கிறேன். அந்த ஒரு பாடவேளையைக் கேட்கும் விண்ணப்பம்தான். ஆசிரியப் பெருமக்கள் முதலில் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பேனாவும் அங்கேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.