பேச வேண்டாம், பாஸ் போடு

நேயர்களுக்கு வணக்கம். பள்ளிப் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறவன் நான். கோவை, பொள்ளாச்சி, உடுமலை என்று எங்கே ஆட்டம் நடந்தாலும், பெற்றோரில் யாராவது ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மாஸ்டர், அந்த ரெண்டு பசங்களுக்கும் ஆகவே ஆகாதுங்களே, டீம் எப்படிங்க ஜெயிக்கும்?"

ஜெயிக்கும் என்றுதான் சொல்வேன். நன்றாக ஆடுகிற இரண்டு பேருக்கு ஒருவரையொருவர் பிடிக்காமல் போவது சாதாரணம். அந்தப் பிணக்கு இரண்டு பேரோடு நிற்கிறதா, மற்ற ஒன்பது பேரையும் இழுத்துப் போடுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மான்செஸ்டர் யுனைடெட் அணியில் ஆண்டி கோல், டெடி ஷெரிங்கம் என்று இரண்டு ஃபார்வர்டுகள் இருந்தார்கள். 1995 மார்ச்சில் லண்டன் வெம்பிளி மைதானத்தில் உருகுவேயுடன் இங்கிலாந்துக்கு ஆட்டம். ஆண்டி முதல்முறையாக இங்கிலாந்து சட்டை போடுகிறார், வயது 23. ஷெரிங்கம் வெளியே வர, அவருக்குப் பதில் ஆண்டி உள்ளே போக வேண்டும். கை கொடுப்பார் என்று நினைத்துப் போனால், ஷெரிங்கம் கண்டுகொள்ளாமல் நடந்துவிட்டாராம். பிற்பாடு ஆண்டியே இதைச் சொன்னார். பல வருஷம் கழித்தும் ஒரு மனுஷன் அதை நினைத்துச் சொல்கிறார் என்றால் எவ்வளவு வலித்திருக்கும்! 1997இல் அதே ஷெரிங்கம் யுனைடெட்டுக்கே வந்து சேர்ந்தார். அப்புறம் எதிரணி போட்ட ஒரு கோலுக்கு யார் பொறுப்பு என்று வாய்த்தகராறு. அதோடு பேச்சே நின்றுபோனது.

இனி 1999 மே மாதத்துக்கு வாருங்கள். 16ஆம் தேதி, இங்கிலாந்து லீக்கின் கடைசி ஆட்டம், எதிரில் டாட்டன்ஹாம். இடைவேளையில் ஷெரிங்கமை உட்கார வைத்துவிட்டு ஆண்டியை இறக்கினார் கோச் அலெக்ஸ் ஃபெர்குசன். வெம்பிளியில் நடந்த அதே மாற்றம்! இறங்கிய சில நிமிஷத்தில் ஆண்டி கோல் அடித்தார், 2-1, லீக் பட்டம் கைக்கு வந்தது. 22ஆம் தேதி இங்கிலாந்தின் இன்னொரு பெரிய போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் இறுதி ஆட்டம். கேப்டன் ராய் கீன் அடிபட்டு வெளியேற, ஷெரிங்கம் உள்ளே வந்து உடனே ஒரு கோல் போட்டார். 26ஆம் தேதி பார்சிலோனாவில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குடன் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ஆண்டி ஆரம்பத்திலிருந்து ஓடி ஓடி ஆடினார். ஷெரிங்கம் பின்னால் வந்து, தொண்ணூறு நிமிஷம் முடிந்து ரெஃப்ரி சேர்த்துக் கொடுத்த நேரத்தில் சமன் செய்தார். அடுத்த கார்னரில் அவர் தலையால் தட்டிவிட்ட பந்தைத்தான் சக ஆட்டக்காரர் சோல்ஷேர் உள்ளே தள்ளினார். பதினொரு நாளில் மூன்று கோப்பை. இவ்வளவுக்கும் அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நம்ம பக்கத்தில் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் பங்காளிகள் இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்குக்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் அவனுடைய முறையில் இவன் மோட்டார் போடமாட்டான். யுனைடெட்டில் நடந்ததும் அதுதான் என்பது என் கணிப்பு.

நெதர்லாந்தின் அயாக்ஸ் அணி கதை வேறு. 1971, 72, 73 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி. யார் கேப்டன் என்று 1973இல் ஆட்டக்காரர்களே ஓட்டுப் போட்டார்கள். அணியின் நட்சத்திரம் யோஹான் க்ரைஃப் தோற்றார், பியட் கைஸர் ஜெயித்தார். க்ரைஃப் மனம் வெறுத்து அந்தக் கோடையிலேயே பார்சிலோனாவுக்குப் போய்விட்டார். அந்தக் கோப்பையை அயாக்ஸ் மறுபடி தொட 1995 ஆகிவிட்டது. க்ரைஃப் போனது மட்டுமே காரணம் இல்லை, மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஆனாலும் அந்த ஓட்டு எனக்கு உறுத்துகிறது. நீ இவன் பக்கமா, அவன் பக்கமா என்று ஒவ்வொருவரையும் கை தூக்க வைத்தால், அப்புறம் பழையபடி ஆடுவது கஷ்டம்.

இரண்டாகப் பிரிந்தே ஜெயித்த அணியும் உண்டு. 1974இல் இத்தாலி லீக்கை வென்ற லாட்சியோவில் இரண்டு கோஷ்டி, உடை மாற்றக்கூடத் தனித்தனி அறை. கோச் மாஎஸ்ட்ரெல்லி ஒருவர்தான் எல்லோரையும் பிடித்து வைத்திருந்தார். அவர் நோயில் விழுந்ததும் அந்த அணி தளர்ந்துவிட்டது. அதைப் பார்த்து நாமும் அப்படி இருக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் கிரவுண்டில் ஒரு மாலை. இடது ஓரத்தில் வேகமாக ஓடுகிற பையன் கார்னர் கொடி வரை பந்தைக் கொண்டுபோய்த் தலையை நிமிர்த்துகிறான். தூரத்துப் போஸ்ட் பக்கம் இவனுக்கு ஆகாதவன் ஆளில்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டுப் பந்தைப் பின்னால் திருப்பி, இரண்டு பேர் சூழ்ந்து நிற்கிற இன்னொருவனுக்குக் கொடுத்தான். விசில் ஊதிக் கூப்பிட்டேன்.

"அவன்கூட நான் பேசமாட்டனுங்க மாஸ்டர்."

"பேச வேண்டாம் கண்ணு. பாஸ் மட்டும் போடு."

அதே ஓட்டத்தை, அதே கிராஸை இருட்டும் வரை ஓட விட்டேன். கட்டிப்பிடிக்கச் சொல்லவில்லை. சொன்னால் என் எதிரில் கட்டிப்பிடிப்பார்கள், ஆட்டத்தில் பந்து வராது.

பெனால்டி யார் அடிப்பது என்பதையும் முன்னாடியே எழுதி ஒட்டிவிடுகிறேன். 2017இல் பாரிஸ் அணியில் இருந்த நெய்மாரும் கவானியும் லியோன் அணியை எதிர்த்து ஆடியபோது, யார் பெனால்டி அடிப்பது என்று எல்லோரும் பார்க்க இழுபறி. கடைசியில் கவானி அடித்தார், கோல் ஆகவில்லை. கோச் தீர்க்க வேண்டியதைப் பையன்கள் தலையில் கட்டக்கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோட்டுக்கு வெளியே நின்று "அவனுக்குக் குடுக்காதடா, நீயே அடி!" என்று கத்துகிறீர்களே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியில் அந்த இன்னொரு பையனைப் பற்றிக் குறை பேசுகிறீர்களே, அதையும்தான். மறுநாள் அந்தப் பேச்சு அப்படியே கிரவுண்டுக்கு வந்துவிடுகிறது. இரண்டு பையன்களின் கோபம் இரண்டு குடும்பத்தின் கோபமாகிவிட்டால், என்னிடம் அதற்கு மருந்து இல்லைங்க.

நன்றி, வணக்கம்.