பாட்டியின் தம்பி

பெரியோர்களே, உறவினர்களே, நண்பர்களே, வணக்கம்.

பாட்டி போன அன்று வந்தவர்களில் பாதிப் பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையேதான் சொன்னார்கள்: "97 வயசு. கொள்ளுப் பேரனையும் பார்த்தாச்சு. நிறைஞ்ச வாழ்வு, அழக் கூடாது." அன்பால் சொன்னார்கள், தெரியும். ஆனாலும் என் மனசு அதை ஏற்கவில்லை. நான் பாட்டியோடு இருந்தது 40 ஆண்டு. அம்மா 70 ஆண்டு. உறவு நீண்டால் துக்கம் எப்படிக் குறையும்?

உண்மையில் என் கணக்கு 40 ஆண்டோடும் நிற்காது. பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் உடலில் முதிராத கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாதத்தில் 60, 70 லட்சம் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும். அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் நான். அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்த மாதங்களில் நானும் அங்கே ஒரு துளியாக இருந்திருக்கிறேன்.

பாட்டியின் இடது மேற்கையில் வட்டமாக ஒரு தழும்பு இருந்தது, நடுவில் குழிந்து, ஓரம் சுருங்கி. சின்ன வயதில் அதில் விரலை வைத்துச் சுற்றிக்கொண்டே கிடப்பேன். அம்மை குத்திய தழும்பு. என் கையில் ஏன் இல்லை என்று கேட்டேன். "உனக்குத் தேவைப்படலை, கண்ணு" என்றார். நான் பிறப்பதற்குள் பெரியம்மை உலகத்தை விட்டே போயிருந்தது. 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்துவிட்டது.

அன்றைக்குத்தான் தம்பியைப் பற்றிச் சொன்னார். பாட்டிக்கு ஏழு வயது, அவனுக்கு மூன்று. அக்காவின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவானாம். பெரியம்மை வந்தது. கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேரைக் கொண்டுபோகும் நோய் அது. அவன் போன பிறகுதான் பாட்டிக்கு அம்மை குத்தினார்கள். அவனுக்கு ஒரு புகைப்படம் கிடையாது. நான் "ம்" கொட்டிவிட்டு விளையாட ஓடிவிட்டேன். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

கடைசி இரண்டு ஆண்டு பாட்டிக்குக் காலையில் யார் வந்து போனார்கள் என்பது நினைவிருக்காது. ஏழு வயதில் நடந்தது அப்படியே வரும். "குழம்பிட்டாங்க" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881-லேயே எழுதியிருக்கிறார்: நினைவு அழியும்போது புதியது முதலில் போகும், பழையது கடைசிவரை நிற்கும். பாட்டி தன் பிள்ளைப் பருவத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய நாங்களோ, "அதெல்லாம் அந்தக் காலம் பாட்டி, இப்ப நான் யாருன்னு சொல்லுங்க" என்று பரீட்சை வைத்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஒரு ராத்திரி. கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். பாட்டி இருட்டில் துழாவி என் கையைப் பிடித்தார். காய்ந்த சருகு போலச் சுருங்கிய விரல்கள், ஆனால் பிடி மட்டும் இறுக்கம். என் கையை இழுத்துத் தன் காதில் வைத்துக்கொண்டார். "பிடிச்சுக்கோ. தூங்கு" என்றார். அன்றைக்கு மட்டும் நான் யார் என்று நான் சொல்லவில்லை. மடலைப் பிடித்துக்கொண்டு அவர் தூங்கும்வரை இருந்தேன்.

அழக் கூடாது என்கிறீர்களே, அந்தப் பையனின் முகத்தைப் பார்த்த கண்கள் உலகத்தில் அந்த இரண்டுதான் மிச்சம் இருந்தன. 90 ஆண்டு அவனை வைத்துக் காப்பாற்றியவர் போய்விட்டார். நான் அழுவது அவனுக்கும் சேர்த்துத்தான்.

நேற்று ராத்திரி இந்தப் பேச்சைத் தயார் செய்யும்போதுதான் ஒன்று தோன்றியது. முன் வரிசையில் சின்னப் பாட்டி இருக்கிறார். 89 வயது. அந்தத் தம்பி போன மறுவருஷம் பிறந்தவர். அவர் அவனைப் பார்த்ததில்லை; ஆனால் வீட்டில் யாராவது அவன் பெயரைச் சொல்லிக் கேட்டிருப்பார். வயதானவர்களுக்குக் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் கேளாமல் போகும். கத்தினால் இன்னும் குழம்பும். முகத்துக்கு நேராக உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், நிறுத்திக் கேட்க வேண்டும். அதனால் மைக்கை இங்கேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கி அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.