181 வோட்: கத்லீன் வின் தன்ர தொகுதியில தோக்கேல்லை

வணக்கம் எல்லாருக்கும். இண்டைக்கு ஒன்ராறியோ அரசியல், 2013இல இருந்து 2018 வரைக்கும் அந்த மாகாணத்தின்ர லிபரல் முதல்வரா இருந்த கத்லீன் வின்னின்ர கதை. போர்டைப் பாருங்கோ, ஏற்கெனவே நிரம்பிப் போச்சு. போன வீடியோவுக்குக் கீழ கனபேர் எழுதியிருக்கினம், "கத்லீன் வின் 2018இல தோத்துப் போனவாதானே, பிறகேன் அவாவைப் பற்றிக் கதைக்கிறியள்" எண்டு. எனக்குச் சரியான கோவம். தோத்தது கட்சி. அவா ரொறன்ரோவில இருக்கிற டொன் வலி வெஸ்ற் தொகுதியை 181 வோட்டால வெண்டவா. அந்த 181தான் இண்டைய வீடியோ.

லிபரலுக்கு அண்டைக்குக் கிடைச்சது 124இல 7 சீட். கன்சவேட்டிவுக்கு 76, என்டிபி எண்ட புதிய ஜனநாயகக் கட்சிக்கு 40, கிறீனுக்கு 1. அந்த நேரம் குயின்ஸ் பார்க்கில, அதாவது மாகாணசபையில, கட்சி அந்தஸ்து வேணுமெண்டா 8 சீட் வேணும். அந்தஸ்து இல்லாட்டி என்ன நடக்கும்? ஆராய்ச்சி ஆக்களுக்கு, அலுவலகத்துக்கு வாற காசு இல்லை. கேள்வி நேரத்தில ஒழுங்கா முறை வராது. ஒரு சீட்டால போனது. இந்த ஒரு சீட் கணக்கை நான் விடமாட்டன், உங்களுக்குத் தெரியும். பிறகு தேர்தலில வெண்ட கன்சவேட்டிவ் தலைவர் ஃபோர்ட்டின்ர அரசாங்கம் அந்த 8ஐ 12 ஆக்கினது. 2022இல லிபரல் எடுத்தது எத்தினை? 8! பழைய சட்டம் இருந்திருந்தா அந்தஸ்து வந்திருக்கும். இதை ஒருத்தரும் கதைக்கிறேல்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

சரி, அவாவின்ர கதைக்கு வாறன். 2000ஆம் ஆண்டு ரொறன்ரோ பாடசாலைச் சபைக்குத் தெரிவானவா. 2003இல டொன் வலி வெஸ்ற்றில வெண்டு மாகாணசபைக்கு வந்தவா. 2006இல கல்வி அமைச்சர். 2007 தேர்தலில கன்சவேட்டிவ் தலைவர் ஜோன் டோரியே இவாவின்ர தொகுதியில வந்து நிண்டவர். அவரின்ர பெரிய வாக்குறுதி, மதப் பாடசாலைகளுக்கு அரச காசு குடுக்கிறது. இஞ்ச கத்தோலிக்கப் பாடசாலைக்கு மட்டும்தான் அது இருக்கு. அப்ப கல்வி அமைச்சர் ஆர்? வின். முழு மாகாணமும் சண்டை பிடிச்ச விசயத்தை அவா தன்ர சொந்தத் தொகுதியில நேருக்கு நேர் வெண்டவா. எனக்கு மிகவும் பிடிச்ச வெற்றி இதுதான், அவா முதல்வரா நிண்டு வெண்ட 2014 தேர்தலை விட.

2010இல போக்குவரத்து, 2011இல மாநகர விவகாரமும் வீடமைப்பும். 2012 ஒக்ரோபரில அப்ப முதல்வரும் லிபரல் தலைவருமா இருந்த மக்கின்ரி தான் விலகப் போறன் எண்டு சொல்லி, சபையையும் ஒத்திவைச்சிட்டார். நவம்பரில வின் அமைச்சுப் பதவியை விட்டிட்டு தலைமைக்கு நிண்டவா.

2013 ஜனவரி 26, ரொறன்ரோவில பழைய மேப்பிள் லீஃப் காடன்ஸ் கட்டடம், லிபரல் தலைமை மாநாடு. வெல்லுற ஆள்தான் அடுத்த முதல்வர். முதல் சுற்றில சான்ட்ரா பப்பட்டெல்லோ 599, வின் 597. ரெண்டே வோட் வித்தியாசம். ரெண்டாம் சுற்றில 817, 750, வின் இன்னும் பின்னால போறா. அதுக்குப் பிறகு மற்றப் போட்டியாளர் சூசாவும் கெனடியும் வின்னின்ர பக்கம் நடந்து வந்தவை. மூண்டாம் சுற்றில வின் 1,150, பப்பட்டெல்லோ 866, வின் வெண்டிட்டா. இப்பிடி மாநாடு நடந்தா, முதல் சுற்றில முந்துறதை விட, விலகுற ஆக்களுக்கு ரெண்டாவதாப் பிடிச்ச ஆளா இருக்கிறதுதான் முக்கியம்.

நில்லுங்கோ, பெரிய விசயம் ஒண்டு சொல்லாமல் வந்திட்டன். பப்பட்டெல்லோவுக்கு அப்ப சீட் இல்லை, அவா 2011இலேயே விலகினவா. அவா தலைவரானா முதல் இடைத்தேர்தல் வைக்கவேணும். சபை வேற மூடிக் கிடக்கு. வின்னுக்கு டொன் வலி வெஸ்ற் இருந்தது, பெப்ரவரி 11 பதவியேற்று, 19ஆம் திகதி சபையைத் திறந்திட்டா. ஒன்ராறியோவின்ர முதல் பெண் முதல்வர், கனடாவில ஓரினச் சேர்க்கையாளர் எண்டு வெளிப்படையாச் சொல்லி இருந்த முதல் மாகாண முதல்வர். விவசாய அமைச்சையும் தானே வைச்சிருந்தவா, ரொறன்ரோ ஆள், லிபரலுக்குக் கிராமப்பக்கம் ஆதரவு குறைவு எண்டபடியால். அது சரியான யோசனை எண்டுதான் நான் சொல்லுவன்.

2014இல பட்ஜெட்டுக்கு என்டிபி கை குடுக்கேல்லை, தேர்தல் வந்தது. கன்சவேட்டிவ் தலைவர் ஹூடாக் அரச வேலை 100,000ஐக் குறைப்பன் எண்டு சொன்னவர். ஜூன் 12, லிபரல் 107இல 58. பெரும்பான்மை.

இனி பில். வின் அரசாங்கம் மாகாணத்தின்ர ஹைட்ரோ வன் கம்பனியின்ர பங்கை வித்ததாலதான் கரண்ட் பில் ஏறினது எண்டு சொல்லுகினம். கவனமாக் கேளுங்கோ. ஹைட்ரோ வன் கம்பி, கோபுரம், கிராமப்பக்க விநியோகம் பாக்கிற கம்பனி. ரொறன்ரோவில உங்களுக்கு பில் அனுப்புறது ரொறன்ரோ ஹைட்ரோ, அது நகரசபையின்ர சொத்து. பில் ஏற முக்கிய காரணம், உற்பத்தி செய்யிற ஆக்களோட முன்னமே போட்ட நீண்டகால ஒப்பந்தங்கள். 2015 நவம்பரில முதல் 15 வீதப் பங்கை, ஒண்டு 20 டொலர் 50 சதத்துக்கு வித்தவை. அது விலையை ஏத்தேல்லை, ஆனா தேர்தலில சனத்துக்கு வெளிப்படையாச் சொல்லாமல் வித்தது பிழை. சனம் மன்னிக்கேல்லை. 2017இல வீட்டு பில்லை 25 வீதம் குறைச்சவை. அதில 8 வீதம் எச்எஸ்ரி எண்ட விற்பனை வரியின்ர மாகாணப் பங்கு, மிச்சத்தில பெரும்பகுதி கடன் வாங்கிப் பின்னுக்குத் தள்ளினது. பில் குறைஞ்சுது, கோவம் குறையேல்லை.

அதே ஆக்கள் ஏன் சம்பளத்தை மறக்கினம்? 2018 ஜனவரி 1, குறைந்தபட்சச் சம்பளம் 11.60இல இருந்து ஒரேயடியா 14 டொலர். அதோட வருசத்துக்கு ரெண்டு நாள் சம்பளத்தோட அவசர லீவு, 25 வயதுக்குக் குறைஞ்சவைக்கு மருந்து இலவசம். அடுத்த வருசம் 15 ஆகியிருக்கவேணும். ஃபோர்ட் நிப்பாட்டினவர். 15 வந்தது 2022 ஜனவரியில. மூண்டு வருசம், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு டொலர். ஃபாக்டரியில 40 மணித்தியாலம் நிக்கிற ஆள் கணக்குப் பாத்தா கிழமைக்கு 40 டொலர்! பிறகு 2020 ஒக்ரோபரில 25 சதம் ஏறினது, அதைக் கழிச்சாலும் சின்னக் காசில்லை.

2018 ஜூன் 2, வாக்களிப்புக்கு ஐஞ்சு நாளுக்கு முதல், "நான் இனி முதல்வராக மாட்டன், ஆனா லிபரல் ஆக்களை அனுப்புங்கோ, மற்றவைக்குப் பெரும்பான்மை வராமல் இருக்கும்" எண்ட கருத்தில வெளிப்படையாக் கதைச்சவா. அந்த 7 சீட்டில ஒண்டு அவாவின்ரது. தலைமையை அண்டிரவே விட்டவா, தொகுதியை விடேல்லை. 2022 வரைக்கும் பின்வரிசையில இருந்தவா.

2025 பெப்ரவரித் தேர்தலில லிபரலுக்கு 14 சீட், அந்தஸ்து திரும்பி வந்திட்டுது. ஆனா அப்ப தலைவரா இருந்த பொனி குரொம்பி மிசிசாகாவில தன்ர சீட்டைத் தோத்திட்டா. அடுத்த வீடியோ அதுதான். கீழ எழுதுறவை தொகுதிப் பெயரையும் வோட் வித்தியாசத்தையும் போட்டு எழுதுங்கோ, நான் வாசிப்பன்.