பணம் வருவதற்கு முன்பே வரி: வடசென்னைப் பட்டறைகளின் கணக்கு

[திரையில் ஒரு பில். தேதி: மார்ச் 3. சரக்கின் மதிப்பு: 5,00,000 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதவீதம்: 90,000 ரூபாய்.]

வணக்கம். இந்த பில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வியாசர்பாடியில் ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை, அதாவது இரும்பைக் கடையும் பட்டறை, ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து மணலிப் பக்கம் உள்ள ஒரு பெரிய ஆலைக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டறை நம் கற்பனைதான், கணக்கு கற்பனை அல்ல. தண்டையார்பேட்டையிலோ கொடுங்கையூரிலோ திருவொற்றியூரிலோ பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இது மனப்பாடம்.

இந்த வேலைக்கு 3 லட்சம் ரூபாய்க்கு இரும்பு வாங்க வேண்டும். அதற்கு 18 சதவீதம் வரி, 54,000 ரூபாய். இரும்புக் கடைக்காரர் கடன் கொடுப்பதில்லை, கையோடு கட்டியாக வேண்டும். சரக்கு மார்ச் 3 அன்று ஆலைக்குப் போய்விட்டது. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும் பட்டறை என்றால், ஏப்ரல் 20க்குள், இரும்புக்குக் கட்டிய 54,000 போக மீதி வரி 36,000 ரூபாயையும் அரசுக்குச் செலுத்த வேண்டும். ஆக, பில்லில் உள்ள 90,000 ரூபாயும் பட்டறைக்காரரின் பையிலிருந்து போய்விட்டது. ஆலையோ 90 நாள் கழித்துத்தான் பணம் தரும். அதாவது ஜூன் மாதம்.

மாதம் ஒரு பில் இப்படிப் போனால், ஜூன் பிறப்பதற்குள் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல், கைக்கு வராத பணத்துக்கான வரியாகவே முடங்கிக் கிடக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வீட்டு நகையை அடகு வைத்து. கெடு தவறினால் தாமதக் கட்டணமும், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் தனி.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த வீடியோ எடுத்ததற்கே காரணம். பட்டறை தாக்கல் செய்த பில் ஆலையின் கணக்கில் தெரிந்ததுமே, அந்த 90,000 ரூபாயை ஆலை தன் வரியில் கழித்துக்கொள்ளலாம். பட்டறைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால்தான் கழித்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். கொடுக்கல் வாங்கலில் பலவீனமானவரின் பணம், பலமானவரின் கணக்கில் ஆறு மாதம் வரை உட்கார்ந்திருக்க நம் சட்டமே இடம் கொடுக்கிறது. இது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

"சிறியவர்களுக்குத்தான் விலக்கு இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பதிவே வேண்டாம். ஒன்றரைக் கோடி வரை தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்து, உற்பத்தியாளர் 1 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அப்படிப்பட்டவரிடம் வாங்கினால் ஆலைக்குக் கழித்துக்கொள்ள வரி கிடைக்காது. "ஜிஎஸ்டி எண் இருக்கிறதா? முழு வரி போட்டு பில் தருவீர்களா?" என்பதுதான் கொள்முதல் அதிகாரியின் முதல் கேள்வி. பொதுமக்களிடம் நேரடியாக விற்பவருக்கு இந்தச் சலுகை உண்மையிலேயே உதவுகிறது. ஆலைக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுப்பவருக்கு உதவுவதில்லை. வடசென்னையில் பட்டறை வைத்திருப்பவர்களில் பலர் இரண்டாவது வகை.

[திரையில்: 2006, 45 நாள்]

தாமதத்தைத் தடுக்கச் சட்டமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இந்தப் பாக்கிப் புகார்களை விசாரிப்பதற்கென்று உள்ள வசதி மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் நிறுவனம், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 45 நாளைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் 2024 ஏப்ரல் 1 முதல் ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது.

சட்டம் கூர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் மனு கொடுக்கும் நாளில் அடுத்த ஆர்டர் நின்றுவிடும் என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும். ஒரே ஒரு ஆலையை நம்பிப் பிழைப்பவர், அந்த ஆலையின் மேல் எப்படிப் புகார் கொடுப்பார்?

இதற்கு மேல் அலுவலகங்கள். மாநகராட்சியின் தொழில் உரிமம், அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி, சில வேலைகளுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, பத்துப் பேரைத் தொட்டால் தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ, இருபது பேரைத் தொட்டால் பிஎஃப். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தவறில்லை. லேத்தில் விரல் நசுங்கிய தொழிலாளிக்கு இஎஸ்ஐதான் துணை, அதைச் சுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. சிக்கல் வேறு. ஐந்நூறு பேர் வேலை செய்யும் ஆலையில் இவற்றைப் பார்த்துக்கொள்ளத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பட்டறையில் முதலாளிதான் டர்னர், அவரே கணக்காளர், அவரே டெம்போவில் சரக்கு ஏற்றுபவர். அவர் ஆடிட்டர் அலுவலகத்தில் காத்திருக்கும் நேரமெல்லாம் ஒரு மிஷின் நிற்கிறது.

நின்ற மிஷினுக்கும் கட்டணம் உண்டு. 2022 செப்டம்பர் 10 முதல் அமலான மின்கட்டண உயர்வில், சிறுதொழில்களுக்கு யூனிட் விலையைவிட நிலைக்கட்டணமே அதிகம் வலித்தது. எவ்வளவு மின்சாரம் எரித்தீர்கள் என்று அது பார்ப்பதில்லை, எத்தனை கிலோவாட்டுக்கு இணைப்பு வாங்கியிருக்கிறீர்கள் என்றுதான் பார்க்கிறது. ஆர்டர் இல்லாத மாதத்திலும் அது வந்துவிடும். 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடு முழுவதும் சிறுதொழில் நிறுவனங்கள் ஒருநாள் கதவடைப்பு நடத்தியதற்கு இதுவும், மின்தேவை அதிகமுள்ள நேரத்துக்கான கூடுதல் கட்டணமான உச்சநேரக் கட்டணமும் முக்கியக் காரணங்கள். அதன்பின் உச்சநேரக் கட்டணத்தை அரசு 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைத்தது.

[காட்சி: எண்ணூர் முகத்துவாரம், எண்ணெய் படிந்த படகுகள்]

விதிமுறைகளே வேண்டாம் என்று இந்தப் பகுதியில் நின்றுகொண்டு யாரும் பேச முடியாது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, மீனவர்களின் வலையையும் படகையும் பாழாக்கியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டும் லேத் பட்டறையில் நடந்தவை அல்ல. கண்காணிப்பு அங்கே இறுக வேண்டும், கடைசல் பட்டறையின் வாசலில் தளர வேண்டும்.

வரிக்கு வருவோம். பணம் கைக்கு வந்த பிறகு வரி கட்டும் முறை இந்தியாவுக்குப் புதிதல்ல. ஜிஎஸ்டிக்கு முன்பு சேவை வரி இருந்த காலத்தில், 2012 முதல், ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய் வரை சேவை அளித்த தனிநபர்களுக்கும் பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் அந்த வசதி இருந்தது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது அது போய்விட்டது. குறு உற்பத்தியாளர்களுக்கு அதை மீண்டும் கொண்டுவர வேண்டும். ஆலையும் பணம் கொடுத்த பிறகே வரியைக் கழித்துக்கொள்ளட்டும். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்த ஜிஎஸ்டி மன்றம் நினைத்தால் இதற்கு வழி செய்ய முடியும். அந்த மன்றத்தில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

அதுவரை பட்டறைக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான ஒன்றிய அரசின் உத்யம் பதிவு இலவசம், இடைத்தரகர் தேவையில்லை. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். ஆலையின் கணக்குப் பிரிவுக்கு அந்த எண் தெரிந்தால், 45 நாளைத் தாண்டும் பாக்கி தங்கள் வருமான வரியைக் கூட்டும் என்று தெரியும். நீங்கள் புகார் கொடுத்து ஆர்டரை இழக்க வேண்டிய அவசியமில்லாமல், மார்ச் 31க்கு முன்பு உங்கள் பில்லை அவர்களே தேடி எடுப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கும்.