மெக்கருக்குத் தெரியாத ஓசை

வணக்கம், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேசுகிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்று பலமாக வீசுகிறது, இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தப் பதிவைக் கேளுங்கள், பழுதான மின்கேபிள் முனை எழுப்பும் ஓசை இது. சட்டியில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சடசடப்பு, அதனடியில் சீரான உறுமல். கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலையின் 11 கிலோவோல்ட் பேனலில், அதாவது உயரழுத்த மின்சாரம் வந்து சேரும் இரும்பு அலமாரியில், கதவைத் திறக்காமலே இடுக்கு வழியாகப் பிடித்தது. வெறுங்காதுக்கு அங்கே ஒன்றுமே கேட்கவில்லை. நம் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எட்டாது. என் கையில் இருக்கும் மீயொலிக் கருவி 40 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும் ஒலியைப் பிடித்து, நமக்குக் கேட்கும்படி இறக்கித் தருகிறது.

சப்ளையை நிறுத்தி, எர்த் செய்த பிறகுதான் திறந்தோம். ஓசோன் வாடை மூக்கில் ஏறியது. நீல ஃபேஸ் கேபிள் முனையில், காப்பின் மேல் சுற்றியிருக்கும் செம்புத் திரையை வெட்டிய விளிம்பை ஒட்டி வெண்பொடி படிந்திருந்தது. துடைத்துப் பார்த்தால் அடியில் மயிரிழைக் கோடுகள், இலையுதிர்ந்த மரக்கிளை போல. கேபிள் முனைக்குக் காப்புறை மாட்டுவதை முனையம் போடுவது என்போம்; அப்படிப் போட்டபோது உள்ளே நகக்கண் அளவு காற்றிடைவெளி விட்டிருக்கிறார்கள். மின்புலம் அந்த விளிம்பில்தான் குவியும். காற்று தாங்குவதோ மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட். எனவே அங்கே குட்டிக் குட்டிப் பொறிகள் பறக்கின்றன. பகுதி மின்னிறக்கம் என்பது இதுதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒரு சுற்றில் இருமுறை உச்சம் தொடுவதால், பொறிகள் நொடிக்கு 100 கொத்தாக வருகின்றன. நீங்கள் கேட்ட உறுமல் அது.

இதே கேபிளுக்கு மழைக்கு முன்பு மெக்கர் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) போட்டார்கள், அளவு நன்றாகவே வந்தது. எனக்கு அதுதான் ஆற்றாமை. மெக்கர் காப்பு முழுவதையும் கடந்து கசியும் மின்னோட்டத்தைத்தான் அளக்கிறது. நல்ல காப்புக்கு நடுவே ஒளிந்த இடைவெளி அதற்குப் புலப்படாது. மெக்கர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு நிறுத்தாதீர்கள், மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது பேனல் ஓரமாக நின்று இந்த மீயொலிக் கருவியால் கேளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மண்ணுக்கடியில் ஓடும் கேபிளின் நடுப்பகுதிக்கு இப்படிக் கேட்பது உதவாது. காப்பும் மண்ணும் ஒலியை விழுங்கிவிடும்; அங்கே எர்த் கம்பியைச் சுற்றி பொறிகளின் மின்துடிப்பைப் பிடிக்கும் உயர் அதிர்வெண் கிளாம்ப் மாட்டிப் பார்க்க வேண்டும்.

நாளை புது முனையம் போடுகிறோம். சப்ளை கொடுத்ததும் அதே இடுக்கில் கருவியை வைத்துப் பதிவு செய்து போடுகிறேன். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.