அறிவின் கையில் சாட்டை

(ஒரு மீலாது கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மேடையில் வீற்றிருக்கும் மார்க்க அறிஞர்களான ஆலிம் பெருமக்களே, பிற சமயங்களிலிருந்து அழைப்பை ஏற்று வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'இஸ்லாத்தில் அறிவும் சகிப்பும்'. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். அறிவுக்கு இடம் கொடுத்தால் சகிப்பு தானாக வந்துவிடும், ஏட்டை அப்படியே பிடித்துக்கொள்கிறவன்தான் அடுத்தவன்மேல் கை வைப்பான் என்பது படித்தவர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை. வரலாறு அப்படி நடந்துகொள்ளவில்லை. மார்க்கக் கருத்து ஒன்றுக்காக முஸ்லிம் பேரரசின் தலைவரான கலிபாவின் அரசாங்கம் ஊரூராக ஆலிம்களைக் கூப்பிட்டு விசாரித்த அந்தப் பெரிய சோதனையை நடத்தியவர்கள், அறிவே அளவுகோல் என்று பேசியவர்கள். அடி வாங்கியவர்தான் ஏட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்.

ஹிஜ்ரி 218, கி.பி. 833. கலிபாவாக இருந்தவர் மஃமூன், ஹாரூன் ரஷீதின் மகன். கிரேக்க நூல்களை அரபுக்குக் கொண்டுவர அள்ளிக் கொடுத்தவர். பூமியின் அளவைக் கண்டறிய வானியல் அறிஞர்களைப் பாலைவெளிக்கு அனுப்பியவர். 'முஸ்லிம்கள் உலகுக்கு அளித்த கொடை' என்று நம் மேடைகளில் யார் பேசினாலும் இரண்டாவது நிமிடத்தில் இவர் பெயர் வந்துவிடும். அந்த மஃமூன் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட ரோமர்களின் எல்லையில் படையோடு இருந்தபோது, பக்தாதைப் பார்த்துக்கொண்டிருந்த இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமுக்குக் கடிதம் எழுதினார். நீதி சொல்லும் காழிகளைக் கூப்பிடு, ஹதீஸ் என்னும் நபிமொழிகளைக் கற்ற அறிஞர்களைக் கூப்பிடு. குர்ஆன் படைக்கப்பட்டதா என்று கேள். 'ஆம்' என்று சொல்லாதவன் காழியாக இருக்கக் கூடாது, அவன் சாட்சியமும் செல்லாது.

கேள்வி அற்பமானதல்ல. முஃதஸிலாக்கள் என்ற அறிவுவாத ஆலிம்கள் சொன்னது இதுதான்: அல்லாஹ் ஒருவன் மட்டுமே அநாதி, தொடக்கம் இல்லாதவன். குர்ஆனும் அநாதி என்றால் அநாதியானவை இரண்டாகிவிடாதா? ஈசா, அதாவது இயேசு, இறைவனின் வாக்கு, ஆகவே படைக்கப்படாதவர் என்று சொல்லும் கிறிஸ்தவரை அப்புறம் எந்த முகத்தோடு மறுப்பீர்கள்? எதிர்த் தரப்பு சொன்னது: குர்ஆன் அல்லாஹ்வின் பேச்சு. பேச்சு அவனுடைய பண்பு. அவன் பண்பைப் படைக்கப்பட்டது என்று எப்படிச் சொல்வது? வாதத்தை மட்டும் தராசில் வைத்தால் எனக்கு முஃதஸிலாக்கள் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. மேடையிலிருக்கும் ஹஜ்ரத் மன்னிக்க வேண்டும்.

ஆனால் தராசு கலிபாவின் கையில் இருந்தது. பெரும்பாலானவர்கள் 'ஆம்' என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினார்கள். அவர்களைக் கோழைகள் என்று நான் சொல்ல மாட்டேன், பிள்ளைகுட்டி இருந்திருக்கும். கடைசிவரை மறுத்தவர்களில் இருவரை விலங்கிட்டு கலிபாவிடம் அனுப்பினார்கள். ஒருவர் முஹம்மத் இப்னு நூஹ், இன்னொருவர் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல். போய்ச் சேர்வதற்குள் மஃமூன் இறந்துபோனார். திரும்பி வரும் வழியில் இப்னு நூஹும் இறந்துபோனார். இமாம் அஹ்மதுக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை. அடுத்த கலிபா முஃதஸிம் அவரைத் தன் முன்னால் நிறுத்திச் சாட்டையால் அடிக்க வைத்தார். அடிக்கு நடுவிலும் இமாம் கேட்டது ஒன்றுதான்: அல்லாஹ்வின் வேதத்திலிருந்தோ அவன் தூதரின் வழிமுறையிலிருந்தோ ஓர் ஆதாரம் கொண்டு வாருங்கள், சொல்லிவிடுகிறேன்.

அடுத்து வந்த வாஸிக் இன்னும் ஒரு படி மேலே போனார். இமாம் ஷாஃபியின் மாணவர் புவைதீயை எகிப்திலிருந்து விலங்கோடு கொண்டுவந்தார்கள், பக்தாத் சிறையிலேயே மவுத்தானார். அஹ்மத் இப்னு நஸ்ர் என்பவரின் தலை வெட்டப்பட்டது. எனக்கு இதையெல்லாம்விட உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. 845-இல் ரோமர்களோடு கைதிகளை மாற்றிக்கொண்டார்கள். எதிரிச் சிறையிலிருந்து மீண்டு வரும் முஸ்லிம் கைதியிடம் முதலில் கேட்ட கேள்வி, குர்ஆன் படைக்கப்பட்டதா? 'ஆம்' என்றவனை மீட்டார்கள். மற்றவனை ரோமர் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார் வரலாற்றாசிரியர் தபரீ.

சரி, ஏட்டைப் பிடித்தவர்கள் ஜெயித்த பிறகாவது நிலைமை மாறியதா? 847-இல் பதவிக்கு வந்த முதவக்கில் அந்தச் சோதனையை நிறுத்தினார். இமாம் அஹ்மதை மதித்தார். அதே முதவக்கில்தான் கர்பலாவில் இமாம் ஹுஸைனின் அடக்கத்தலத்தை இடிக்க வைத்தார், யூதரும் கிறிஸ்தவரும் இன்ன அடையாள உடைதான் உடுத்த வேண்டும் என்று ஆணையிட்டார். தபரீயின் கதையையும் கேளுங்கள். மார்க்க அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளைத் தொகுத்து அவர் ஒரு நூல் எழுதினார். அதில் இமாம் அஹ்மதைச் சேர்க்கவில்லை. அவர் ஹதீஸ் அறிஞர், சட்ட அறிஞரல்லர் என்பது தபரீயின் கணிப்பு. அதற்காக அஹ்மதின் பெயரைச் சொல்லிக்கொண்ட கூட்டம் அவர் வீட்டின்மேல் கல்லெறிந்தது. 923-இல் அவர் இறந்தபோது வீட்டுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். இமாம் அஹ்மதோ தம்மை அடித்த முஃதஸிமை மன்னித்தவர். வாஸிக்குக்கு எதிராகக் கலகம் செய்யலாமா என்று கேட்டு வந்தவர்களைப் பொறுமை சொல்லித் திருப்பி அனுப்பியவர். அவருக்கு வாய்த்த அபிமானிகள் அப்படி.

ஆக, அறிவா ஏடா என்பதை வைத்து யார் சகிப்பவர், யார் சகிக்காதவர் என்று பிரித்துவிட முடியாது. யார் கையில் சாட்டை இருந்தது, அதை அவர் ஏன் எடுத்தார் என்றுதான் பார்க்க வேண்டும். சாட்டை கிடைத்தும் அதை வேண்டாம் என்றவர்கள் நம் மரபில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

முதலில் நபிகள் நாயகம் (ஸல்) காலத்துக்கே போவோம். அகழ்ப் போர் முடிந்த கையோடு, பனூ குறைழா என்ற குலத்தாரிடம் படை கிளம்பியபோது, 'பனூ குறைழாவின் இடத்தைச் சேராமல் யாரும் அஸர் தொழ வேண்டாம்' என்று தோழர்களிடம் சொல்லி அனுப்பினார்கள். வழியிலேயே அஸர் என்னும் பிற்பகல் தொழுகையின் நேரம் வந்துவிட்டது. சிலர் சொன்னார்கள்: சொல்லுக்குச் சொல் நடப்போம், அங்கே போய்த்தான் தொழுவோம். சிலர் சொன்னார்கள்: சீக்கிரம் போங்கள் என்பதுதானே நாயகத்தின் நோக்கம், தொழுகையைத் தள்ளிப் போடச் சொல்லவில்லையே. இவர்கள் வழியிலேயே தொழுதார்கள், அவர்கள் அங்கே போய்த் தொழுதார்கள். செய்தி நாயகத்திடம் போனது. இரு தரப்பில் யாரையும் அவர்கள் கண்டிக்கவில்லை. புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கும் ஹதீஸ் இது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது, எது சரி என்று நாயகம் தீர்ப்புச் சொல்லாமல் விட்டதுதான். சொல்லியிருந்தால் ஒரே வார்த்தையில் முடிந்திருக்கும். வஹீ என்னும் இறைச்செய்தி இறங்கிக்கொண்டிருந்த காலம், கேட்டால் பதில் வரும் காலம். எழுத்தைப் பிடித்தவரும் நோக்கத்தைப் பிடித்தவரும் ஒரே படையில் நடக்கலாம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். தீர்ப்பளிப்பவர் முயன்று சரியான முடிவுக்கு வந்தால் இரண்டு கூலி, முயன்று தவறினாலும் ஒரு கூலி என்ற ஹதீஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து இமாம் மாலிக். மதீனாவில் 'முவத்தா' என்ற ஹதீஸ், சட்ட நூலைத் தொகுத்தவர். ஒரு கலிபா அவரிடம், உங்கள் நூலைப் படியெடுத்து எல்லா ஊருக்கும் அனுப்புகிறேன், இதன்படிதான் எல்லாரும் நடக்க வேண்டும் என்று ஆணையிடுகிறேன் என்றார். கேட்டவர் மன்சூர் என்றும் ஹாரூன் ரஷீத் என்றும் இரு விதமாகச் செய்தி வருகிறது. எந்த எழுத்தாளனுக்காவது இப்படி ஒரு பதிப்பாளர் கிடைப்பாரா? மாலிக் மறுத்துவிட்டார். நபித்தோழர்கள் பல ஊர்களுக்குப் பிரிந்து போனார்கள், ஒவ்வொரு ஊரும் தன்னிடம் வந்து சேர்ந்த அறிவின்படி நடக்கிறது, அவர்களை அவர்கள் வழியிலேயே விட்டுவிடுங்கள் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். தம் கருத்து சரி என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. வற்புறுத்திச் சொல்ல வைத்த தலாக் செல்லாது என்று சொல்லி, அதற்காக மதீனா ஆளுநரிடம் சாட்டையடியே வாங்கியவர் அவர். வற்புறுத்தி வாங்கிய வாக்குறுதி செல்லாது என்றால், கலிபாவுக்கு வாங்கிய விசுவாசப் பிரமாணம் என்ன ஆவது என்று அரசாங்கத்துக்குப் பயம். தம் முதுகில் பட்டதைப் பிறர் முதுகுக்கு அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்.

மாலிக்கின் மாணவர் ஷாஃபி. ஹனஃபி வழியின் இமாம் அபூ ஹனீஃபாவின் மாணவரிடமும் ஓதியவர். ஷாஃபியிடம் ஓதியவர் அஹ்மத். ஒருவரிடம் ஒருவர் கற்று, கற்றவரோடு முரண்பட்டு, மதிப்புக் குறையாமல் இருந்தவர்கள் இவர்கள். நம் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் ஷாஃபி மத்ஹபு, அதாவது ஷாஃபி சட்டவழி, உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி. கடற்கரையில் அதிகாலை சுபுஹுத் தொழுகையில் குனூத் என்னும் பிரார்த்தனையை ஓதுவார்கள், உள்ளே ஓத மாட்டார்கள். அந்தக் குனூத்தை வலியுறுத்திய இமாம் ஷாஃபியே பக்தாதில் அபூ ஹனீஃபாவின் அடக்கத்தலத்துக்கு அருகில் தொழுதபோது, அவருக்கு மரியாதையாக ஓதாமல் விட்டார் என்று மரபில் சொல்வார்கள். எகிப்துக்குக் குடிபெயர்ந்த பிறகு ஷாஃபி தம் கருத்துகள் பலவற்றையும் மாற்றிக்கொண்டார். மதரஸாவில் 'பழைய கருத்து', 'புதிய கருத்து' என்று இன்றும் இரண்டையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவுக்கு கேரளத்து ஷாஃபி மாணவர்கள் காலங்காலமாக வந்து ஓதி, 'பாகவி' பட்டத்தோடு ஊர் திரும்பினார்கள். மத்ஹபு வேறு என்று யாரும் வாசலில் நிறுத்தவில்லை.

இமாம் கஸ்ஸாலியைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு நிறையாது. 1111-இல் மறைந்தவர். யாரைக் காபிர், அதாவது மார்க்கத்தை மறுத்தவன், என்று சொல்லலாம் என்பதற்கு எல்லை வகுத்து ஒரு சிறு நூல் எழுதினார். ஒரு வசனத்துக்கு நேர்ப்பொருள் தொடங்கி உவமைப்பொருள் வரை ஐந்து படிகள் வைத்தார். ஆதாரத்தோடு எந்தப் படியில் நின்று பொருள் சொன்னாலும் ஒருவன் நபியைப் பொய்யாக்கியவன் ஆக மாட்டான் என்றார். நேர்ப்பொருளைவிட்டு நகரவே மாட்டார் என்று பேர் வாங்கிய இமாம் அஹ்மத்கூட மூன்று ஹதீஸ்களுக்கு வேறு பொருள் கொண்டார் என்று அவர் வழி நடக்கும் ஹன்பலிகள் வாயாலேயே கேட்டதாக எழுதுகிறார். கஃபாவில் பதித்த கருங்கல்லான ஹஜருல் அஸ்வத் பூமியில் அல்லாஹ்வின் வலக்கரம் என்பது அதில் ஒன்று. அந்தக் கல்லைப் பார்த்து யார்தான் நேர்ப்பொருள் கொள்வார்? நாயகத்தின் பெயரையே கேள்விப்படாதவர்களும், திரித்துச் சொல்லிக் கேள்விப்பட்டவர்களும் மன்னிப்புக்கு உரியவர்கள் என்றும் அதே நூலில் சொல்கிறார். இவ்வளவு விரித்தவரே, உலகம் அநாதி என்பது உட்பட மூன்று கருத்துகளுக்காகத் தத்துவவாதிகளைக் காபிர்கள் என்றார். பெரியவர்களிடமும் இப்படி ஒரு கதவு சாத்தியே இருக்கும்.

அந்தக் கதவைத் தட்டியவர் ஸ்பெயினில் உள்ள குர்துபாவின் காழி இப்னு ருஷ்து. சிந்தனை சார்ந்த விஷயங்களில் எல்லா அறிஞரும் ஒரே கருத்தில் இருந்தார்கள் என்று நிரூபிக்கவே முடியாது, நிரூபிக்க முடியாத ஒன்றை மீறினான் என்று எப்படிக் காபிராக்குவது என்று கேட்டார். குர்ஆனில் ஆல இம்ரான் அத்தியாயத்தின் ஏழாம் வசனம் உங்களுக்குத் தெரியும். 'அதன் விளக்கத்தை அல்லாஹ்வைத் தவிர யாரும் அறியார்' என்று நிறுத்தி ஓதலாம். நிறுத்தாமல் 'அல்லாஹ்வும் அறிவில் ஆழ்ந்தவர்களும் தவிர' என்று சேர்த்தும் ஓதலாம். நம் வீட்டுக் குர்ஆன் பிரதிகளில் அல்லாஹ் என்ற இடத்தில் நிறுத்தக்குறி இருக்கும். இப்னு ருஷ்து சேர்த்து ஓதியவர். ஆனால் அறிவில் ஆழ்ந்தவர்கள் கண்ட பொருளைப் பாமரரிடம் சொல்லக் கூடாது என்றும் கட்டுப்பாடு வைத்தார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. ஒளித்து வைத்த விளக்கம்தான் சந்தேகத்தைக் கிளப்பும்.

1195-இல் அவரைக் குர்துபாவை விட்டு வெளியேற்றினார்கள். தத்துவ நூல்களை எரித்தார்கள். காஸ்டீல் என்ற கிறிஸ்தவ அரசோடு போர் நடந்த நேரம், அப்போதைய கலிபாவுக்குச் சட்ட அறிஞர்களான ஃபகீஹுகளின் ஆதரவு தேவைப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். தாம் பட்டதிலேயே கொடியது, அஸர் தொழப் போன தம்மையும் மகனையும் ஒரு கும்பல் பள்ளியிலிருந்து வெளியே தள்ளியதுதான் என்று அவர் சொன்னதாகச் செய்தி உண்டு.

நம் காலத்துக்கு வந்தால், 1995-இல் கெய்ரோவில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் பேராசிரியர் நஸ்ர் ஹாமித் அபூ ஸைதை மார்க்கத்தை விட்டு நீங்கியவர் என்று தீர்ப்பளித்தது. முஸ்லிமல்லாதவரோடு முஸ்லிம் பெண் வாழ முடியாது என்று சொல்லி, அவர் மனைவியோடு வாழ்ந்த திருமணத்தையும் ரத்து செய்தது. நான் முஸ்லிம்தான் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. கணவனும் மனைவியும் நாட்டை விட்டு வெளியேறினார்கள், அவர் நெதர்லாந்தின் லைடனில் பாடம் நடத்தினார். இளவயதில் அவர் ஆய்வு செய்தது முஃதஸிலாக்களின் குர்ஆன் விளக்க முறையை. அவருடைய கருத்துகளில் பலதை நான் ஏற்கவில்லை, அது வேறு பேச்சு. ஒருவன் நெஞ்சில் ஈமான் இருக்கிறதா என்று நீதிபதி பார்த்துச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

கெய்ரோ எங்கோ இருக்கிறது என்று நினைக்காதீர்கள். தொழுகையில் விரலை அசைப்பதா கூடாதா, ஆமீனைச் சத்தமாகச் சொல்வதா மெதுவாகச் சொல்வதா என்று நம் பள்ளிவாசல்களில் வந்த சண்டைகள் போலீஸ் ஸ்டேஷன் வரை போயிருக்கின்றன. இப்னு ருஷ்து சட்டத்திலும் ஒரு நூல் எழுதினார், 'பிதாயத்துல் முஜ்தஹித்'. கையைக் கட்டுவதா தொங்க விடுவதா, குனூத் உண்டா இல்லையா, எல்லாம் அதில் இருக்கிறது. மாலிக் இப்படிச் சொன்னார், அபூ ஹனீஃபா அப்படிச் சொன்னார், வேறுபட்டதற்குக் காரணம் இது என்று பிரச்சினை பிரச்சினையாக எழுதிக்கொண்டு போகிறார். ஆலிம்கள் இருக்கிறார்கள், கிதாபும் இருக்கிறது. ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு விண்ணப்பம்: மாதம் ஒரு நாள் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அந்தக் கிதாபை வைத்து ஒரு பாடம் நடத்துங்கள், ஷாஃபிக்காரரையும் ஹனஃபிக்காரரையும் விரலசைப்பவரையும் ஒன்றாக உட்கார வைத்து. குனூத்தைப் பற்றி சப்-இன்ஸ்பெக்டரிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? அவர் பாவம், திருவிழா பந்தோபஸ்துக்கே ஆள் போதாமல் நிற்கிறார்.

வஸ்ஸலாம்.