‘மான்ஸ்டர் மேஷ்’ நிலைத்தது செய்நேர்த்தியால்தான்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

1962-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மான்ஸ்டர் மேஷ்’ என்னும் வேடிக்கைப் பாட்டு அறுபது ஆண்டுகளைக் கடந்தும் கேட்கப்படுகிறதே, அதற்குக் காரணம் பாட்டின் செய்நேர்த்தியா, அக்டோபர் 31-இல் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகையா என்பது இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், “இரண்டு இளைஞர்கள் விளையாட்டாக எழுதிய பாட்டு, ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் வந்து தூக்கி நிறுத்தாவிட்டால் எப்போதோ மறைந்திருக்கும், ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை” என்று முடித்தார். அவர் சொன்ன பழமொழி அழகானது. ஆனால் அந்த ஊரில் ஆலை இருந்ததா, இல்லையா என்று அவர் விசாரிக்கவே இல்லை. அதை நான் விசாரித்துச் சொல்கிறேன்.

முதலில் ‘விளையாட்டாக எழுதியது’ என்ற குற்றச்சாட்டு. பாட்டைப் பாடிய பாபி பிக்கெட் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் சோமர்வில் நகரில் 1938-இல் பிறந்தவர். தந்தை திரையரங்கு மேலாளர் என்பதால் பேய்ப்படங்களைப் பார்த்தே வளர்ந்தவர். 1931-இல் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் அரக்கனாக நடித்த போரிஸ் கார்லாஃபின் குரலை, சகரம் சற்றே குழைகிற, பதற்றமே இல்லாத, கனவானுக்குரிய அந்தக் குரலை, அவர் தம் தொண்டையில் பழக்கி வைத்திருந்தார். நடிகராக வேண்டும் என்று ஹாலிவுட்டுக்குப் போனவர், ‘கார்டியல்ஸ்’ என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் ‘லிட்டில் டார்லின்’ என்ற காதல் பாட்டின் நடுவே வரும் பேச்சுப் பகுதியைக் கார்லாஃபின் குரலில் பேச, அரங்கமே சிரித்தது. குழுவில் உடன் பாடிய லென்னி கேப்பிஸி அந்தச் சிரிப்பைக் கவனித்தார்; இந்தக் குரலுக்கென்றே ஒரு பாட்டு எழுதுவோம் என்று தூண்டினார். எழுத எடுத்துக்கொண்ட நேரம் குறைவாக இருக்கலாம். அதை மட்டும் கணக்கில் எடுத்து, குரலைப் பழகிய காலத்தையும் மேடையில் சோதித்துப் பார்த்ததையும் விட்டுவிடுவது எந்த வகையில் நியாயம், நடுவர் அவர்களே?

அவர்கள் எதை எதோடு சேர்த்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய பேய்ப்படங்கள் 1957-இல் தொகுப்பாகத் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டதால், 1962-இல் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் டிராகுலாவையும் ஓநாய் மனிதனையும் தெரியும். அதே ஆண்டில் ‘மேஷ்டு பொட்டேட்டோ’ என்ற நடனம் இளைஞர்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பெற்றோர் காலத்து அச்சத்தையும் பிள்ளைகள் காலத்து ஆட்டத்தையும் ஒரே கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது சிந்தித்துச் செய்த வேலை.

இனிப் பாட்டின் கதைக்கு வருகிறேன். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நள்ளிரவில் ஆய்வுக்கூடத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் விஞ்ஞானி ஒருவர், தாம் உருவாக்கிய அரக்கன் பலகையிலிருந்து எழுவதைப் பார்க்கிறார். எழுந்த அரக்கன் யாரையும் கொல்லவில்லை; ஒரு புதிய ஆட்டத்தை ஆடுகிறான். அந்த ஆட்டம் ஒரே இரவில் பேயுலகம் முழுவதும் பரவுகிறது. அப்போது சவப்பெட்டியைத் திறந்துகொண்டு டிராகுலா எழுந்து, முஷ்டியை உயர்த்தி, தன்னுடைய ‘டிரான்சில்வேனியா ட்விஸ்ட்’ என்ன ஆயிற்று என்று கேட்கிறார். நேற்றுவரை நாட்டையே ஆட்டிய ‘ட்விஸ்ட்’ நடனம் இன்று பழையதாகிவிட்ட வருத்தம், பல நூறு வயதான ஒரு பிரபுவின் வாயிலிருந்து வருகிறது! அடுத்த சில வரிகளில் அவரே வாத்தியக் குழுவில் சேர்ந்துவிடுகிறார். ஒரு பாட்டு எப்படிப் புகழ்பெறுகிறது, பழைய பாட்டுக்காரர் எப்படிப் புண்படுகிறார், பிறகு எப்படி ஒத்துப்போகிறார் என்ற உலக நடப்பு முழுவதும் மூன்று நிமிடத்துக்கும் சற்றே கூடுதலான நேரத்தில், தொடக்கமும் திருப்பமும் முடிவும் கொண்ட கதையாக வந்துவிடுகிறது. வேடிக்கைப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஓய்ந்துவிடும். இதில் ஒவ்வொரு சரணமும் கதையை நகர்த்துகிறது. அதனால்தான் நூறாவது முறை கேட்கும்போதும் டிராகுலாவின் வருகைக்குக் காது காத்திருக்கிறது.

ஒலிப்பதிவும் அப்படியே. தயாரித்தவர் கேரி பேக்ஸ்டன். 1960-இல் ‘ஆலி ஊப்’ என்ற வேடிக்கைப் பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுபோன அனுபவசாலி. வேடிக்கைப் பாட்டானாலும் ஆடுவதற்கு உகந்த பாட்டாக இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எனவே தாளமும், பின்னணிப் பெண் குரல்களும், அக்காலக் காதல் பாட்டுகளில் புழங்கிய நான்கு சுரக்கூட்டுகளின் (கார்டுகளின்) சுழற்சியும் எந்தக் கேலியும் இல்லாமல் முழு ஒழுங்கோடு இசைக்கப்பட்டன. ஓசைகளையோ கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டே உண்டாக்கினார்கள். சவப்பெட்டி திறக்கும் கிறீச்சொலி, பலகையிலிருந்து துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கிய ஓசை. ஆய்வுக்கூடத்தில் திரவம் கொதிப்பது, தண்ணீரில் குழாய் வைத்து ஊதிய குமிழிகள். சங்கிலி மட்டும் உண்மையான சங்கிலி. அதைத் தரையில் போட்டுப் பதிவு செய்தார்கள். பணம் இல்லாத இடத்தில் காது வேலை செய்திருக்கிறது. இதைச் செய்நேர்த்தி என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் இந்தப் பாட்டை மறுத்தன. பேக்ஸ்டன் தம் சொந்த நிறுவனத்தின் பெயரிலேயே வெளியிட்டு, தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா வானொலி நிலையங்களுக்குத் தாமே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆகஸ்டில் வெளிவந்த தட்டு அக்டோபர் 20 தேதியிட்ட, அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. கியூபா ஏவுகணை நெருக்கடியால் உலகமே அணுப்போரை எண்ணி நடுங்கிய நாட்களில் அமெரிக்காவின் முதலிடப் பாட்டு இதுதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

இப்போது இலுப்பைப்பூவுக்கு வருகிறேன். ஹாலோவீனுக்கு வேறு பாட்டே கிடைக்கவில்லையா? 1958-இல் தொலைக்காட்சியில் பேய்ப்படங்களைத் தொகுத்து வழங்கிய ஜான் சாக்கர்லி பாடிய ‘டின்னர் வித் டிராக்’ முதல் பத்து இடங்களுக்குள் வந்த பாட்டு. அதே ஆண்டில் ஷெப் வூலியின் ‘பர்ப்பிள் பீப்பிள் ஈட்டர்’ முதலிடத்துக்கே போனது. பண்டிகைக்குத் தேவைப்பட்டது ஏதோ ஒரு பேய்ப்பாட்டுதான் என்றால், அதற்கு நான்காண்டுகள் முன்பே இவை காத்திருந்தன. இருந்தும் பண்டிகை இதைத்தான் தேர்ந்தெடுத்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டின் வரிகளை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பாருங்கள்; ஹாலோவீன் என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. பண்டிகைக்காக எழுதிய பாட்டாக இருந்தால் பண்டிகையின் பெயரையே சொல்லாமல் விட்டிருப்பார்களா?

பண்டிகை ஒரு பாட்டைத் தூக்கிவிடும் என்றால், 1962 டிசம்பரில் நடந்ததை எதிரணியினர் விளக்க வேண்டும். அதே பிக்கெட், அதே குரல், அதே அரக்கர்கள். பண்டிகையோ ஹாலோவீனைவிடப் பெரிய கிறிஸ்துமஸ். அந்தப் பண்டிகைக்காகவே ‘மான்ஸ்டர்ஸ் ஹாலிடே’ என்று ஒரு பாட்டை வெளியிட்டார்கள். முந்தைய பாட்டின் புகழ் சூடு ஆறாத நேரம். அப்படியிருந்தும் அது 30-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. இன்று அதைத் தேடிப்பிடித்துக் கேட்பவர்கள் சிலரே. ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் வரத்தான் செய்கிறது, பாட்டு வரவில்லை.

பாட்டின் தரத்துக்குச் சான்று சொல்ல நான் அழைக்கும் மனிதர் போரிஸ் கார்லாஃப். தம் குரலைப் பிறர் எடுத்துக் கேலி செய்தால் கலைஞர்கள் முகம் சுளிப்பதுண்டு. கார்லாஃபோ 1965-இல் ‘ஷிண்டிக்’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்தப் பாட்டைத் தாமே பாடினார். அது ஹாலோவீன் நேரத்து நிகழ்ச்சிதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் மூலக் குரலுக்கு உரியவரே நகலை ஏற்றுப் பாடினார் என்றால், நகலில் மரியாதையும் நுட்பமும் இருந்திருக்க வேண்டும். பிக்கெட் தாம் போற்றிய நடிகரை ஓரிடத்திலும் சிறுமைப்படுத்தவில்லை; பாட்டு முழுவதும் அந்த விஞ்ஞானி தம் கண்டுபிடிப்பில் பெருமை கொண்ட கண்ணியமான மனிதராகவே பேசுகிறார்.

கடைசியாக 1973. அந்த ஆண்டில் தட்டு மறுபடியும் வெளிவந்தது. 1962-இல் சாவு நினைப்பு மிகுந்த பாட்டு என்று தடை செய்த பிபிசி இருக்கும் பிரிட்டனில் அது மூன்றாம் இடம்வரை போனது. அமெரிக்காவிலோ, பதினோரு ஆண்டுகளுக்கு முன் முதலிடம் கண்டு பழகிப்போன அதே பாட்டு மீண்டும் பத்தாம் இடத்தைப் பிடித்தது. எந்த மாதத்தில் தெரியுமா, நடுவர் அவர்களே? ஆகஸ்ட் மாதத்தில். கோடை வெயிலில், பூசணிக்காய் விளக்கோ முகமூடியோ இனிப்புப் பையோ கண்ணில் படாத நாட்களில், மக்கள் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். அந்த ஆகஸ்ட் மாதத்தில் எந்தப் பண்டிகை இந்தப் பாட்டைத் தூக்கி நிறுத்தியது என்பதை மட்டும் இந்த அவைக்குச் சொல்லிவிட்டு, பிறகு தம் உரையைத் தொடரட்டும். நன்றி, வணக்கம்.